களிமண்ணில் தொடங்கி தையல் மெஷின் வரை: வகுப்புவாரியாகக் கைத்தொழில் கற்றுக்கொடுப்பது எப்படி?

வகுப்பில் நாற்பது பிள்ளைகள், கையில் நாற்பது நிமிடம், பொருள் வைக்க ஒரு பீரோவின் கீழ்த்தட்டு. தமிழ்நாட்டுப் பள்ளியில் கைத்தொழில் வகுப்பு எடுக்கும் பெரும்பாலானோரின் நிலைமை இதுதான். 2012-இல் அரசு நியமித்த 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களில் தையல் ஆசிரியர்களும் உண்டு. ஆனால் அந்தப் பணியிடங்கள் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கானவை. தொடக்கப் பள்ளியில் கைவேலை என்றால் வகுப்பாசிரியரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவசரத்துக்கு யூடியூபில் ஒரு அழகான பொம்மையைப் பார்த்து, அதையே மூன்றாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் கொடுத்துவிடுவது வழக்கம். சின்னவர்கள் பாதியில் அழுவார்கள். பெரியவர்கள் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் பக்கத்துப் பையன் தலைமுடியில் கத்தரிக்கோலைச் சோதித்துப் பார்ப்பார்கள். பொம்மையில் தவறில்லை, வரிசைதான் இல்லை. எந்த வகுப்பில் எதைத் தொடங்கி எதற்குப் பிறகு எது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

வரிசையை எப்படிப் போடுவது

குழந்தையின் கையைப் பார்த்துப் போட வேண்டும். ஐந்து ஆறு வயதில் உள்ளங்கைதான் வேலை செய்யும்: பிசையும், உருட்டும், தட்டும். பிறகு விரல்கள் தனித்தனியாக இயங்கத் தொடங்கும்: மடிக்கும், கிழிக்கும், பின்னும். எட்டு வயதுவாக்கில் ஒரு கை பிடித்துக்கொள்ள, மறு கை வேலை செய்யப் பழகிவிடும். ஊசி அப்போதுதான். அளந்து, குறித்து, வெட்டிச் செய்கிற வேலை பத்துப் பதினொரு வயதுக்கு மேல்.

நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் விதி ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதிய சிரமம். பொருள் புதிது என்றால் கருவி பழகியதாக இருக்கட்டும். கருவி புதிது என்றால் பொருளும் முறையும் பழகியவையாக இருக்கட்டும். மெல்லிய துணி, கூர் ஊசி, புதுத் தையல் மூன்றையும் ஒரே நாளில் கொடுத்தால் நாற்பதில் ஐந்து பேர் செய்வார்கள். மீதி முப்பத்தைந்து பேர் ‘எனக்குக் கைவேலை வராது’ என்று அன்றே முடிவு கட்டிவிடுவார்கள். அந்த முடிவை மாற்றப் பிறகு வருஷங்கள் ஆகும்.

முதல் நாளுக்கு முன் பேச வேண்டிய ஒன்று

1937-இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழில் தனிப் பாடம் அல்ல. மற்ற பாடங்களையே அதன் வழியாகக் கற்க வேண்டும் என்பது அதன் கருத்து. தக்ளியில் நூல் நூற்கும்போதே கணக்கும் வர வேண்டும், பருத்தி விளையும் ஊரின் புவியியலும் வர வேண்டும். தமிழ்நாட்டிலும் ஆதாரப் பள்ளிகள் இயங்கின. ஆனால் இங்கே ‘பள்ளியில் தொழில்’ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1953. கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் வகுப்பு நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று ராஜாஜி அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. ‘குலக்கல்வி’ என்று பெயர் வாங்கி, பெரிய எதிர்ப்பைச் சந்தித்து, 1954-இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அந்தக் கோபம் நியாயமானது. இன்றும் ஒரு அப்பா வந்து, “எம் புள்ளைய படிக்க அனுப்புனேன், கூடை முடையவா அனுப்புனேன்?” என்று கேட்டால் அதற்குள் அந்த வரலாறு இருக்கிறது. அவருக்கு வாயால் பதில் சொல்வதைவிட வகுப்பை நடத்தும் விதத்தால் சொல்வது நல்லது.

எல்லாப் பிள்ளையும் எல்லா வேலையும் செய்ய வேண்டும். பையன்களுக்கு மரவேலை, பெண்களுக்குத் தையல் என்ற பழைய பிரிவினையை நுழைய விடாதீர்கள். “உங்கப்பா பானை வனையிறவர்தானே, நீ செஞ்சு காட்டு” என்று ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தவே கூடாது. தானாக முன்வந்து “எனக்குத் தெரியும் டீச்சர்” என்றால் மகிழ்ச்சி, காட்டட்டும். வேலை முடிந்து பெருக்குவதும் களிமண் தண்ணீரைக் கொட்டுவதும் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி முறை வைத்து நடக்கட்டும், ஆசிரியர் பெயரும் அந்த வரிசையில் இருக்கட்டும். இதில் சறுக்கினால் கீழே சொல்லப்போகிற எதற்கும் மதிப்பில்லை.

வகுப்புக்குள் நுழையும் முன்

வகுப்பு நன்றாக நடப்பதும் நடக்காததும் முந்தின நாள் சாயங்காலமே முடிவாகிவிடும். நூல் வெட்டி வைத்திருக்க வேண்டும், ஓலை நனைத்துச் சுற்றி வைத்திருக்க வேண்டும், களிமண் பிசைந்திருக்க வேண்டும். வகுப்பில் நின்றுகொண்டு நாற்பது பேருக்கு நூல் வெட்டிக் கொடுத்தால் மணி அடித்துவிடும்.

ஊசிக்கு ஒரு துணிப்பட்டை தைத்துக்கொள்ளுங்கள். அதில் 1 முதல் 40 வரை எண் எழுதி, எண்ணுக்கு ஒரு ஊசி குத்தி வையுங்கள். பிள்ளை தன் எண்ணுள்ள ஊசியை எடுத்து, முடிந்ததும் அதே இடத்தில் குத்த வேண்டும். மணி அடித்தாலும் பட்டை நிறையும் வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. தரையில் விழுந்த ஊசியைத் தேட, கயிற்றில் கட்டிய ஒரு காந்தம் போதும்.

செய்து காட்டும்போது ஐந்து அங்குல ஊசி வேலையைப் பின் பெஞ்சுக்கு எப்படிக் காட்டுவது? பழைய அட்டைப் பெட்டியில் ஆணியால் துளை போட்டு, தாம்புக்கயிற்றைக் கொண்டு பெரிதாகத் தைத்துக் காட்டுங்கள். அதன்பின் ஆறு ஆறு பேராக அழைத்து உண்மையான அளவில் காட்டுங்கள். வலக்கைக்காரர்கள் உங்கள் பக்கத்தில், நீங்கள் பார்க்கும் திசையிலேயே உட்காரட்டும். இடக்கைக்காரர்கள் உங்களுக்கு நேர் எதிரே உட்காரட்டும், கண்ணாடியில் பார்ப்பதுபோல அவர்களுக்கு அப்படியே சரியாக வரும். இடக்கைப் பிள்ளையை வலக்கைக்கு மாற்ற முயல வேண்டாம். இடக்கைக் கத்தரிக்கோல் ஒன்றிரண்டு வாங்கி வைத்தால் போதும்.

கடைசியாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளப் பழகுங்கள். பிள்ளை தடுமாறும்போது வாங்கி இரண்டு முடிச்சுப் போட்டுக் கொடுக்கத்தான் நமக்குத் தோன்றும். பிள்ளையின் வேலையில் நம் விரல் படாமல், தனியாக இன்னொரு துண்டில் செய்து காட்ட வேண்டும்.

1, 2 வகுப்புகள்: மண், காகிதம், ஓலை

கருவியே வேண்டாம். கத்தரிக்கோல்கூட இரண்டாம் வகுப்பின் பாதியில் வந்தால் போதும். அதுவரை காகிதத்தைக் கையால் கிழிக்கட்டும். ஸ்கேல் வைக்காமல், இரு கட்டைவிரல்களையும் ஒட்டி வைத்து, கோட்டின் மேலேயே மெதுவாகக் கிழிப்பது பென்சில் பிடிக்கப்போகும் விரல்களுக்கு நல்ல பயிற்சி.

களிமண் ஏரியிலோ குளத்திலோ கிடைக்கும். நகரத்துப் பள்ளி என்றால் விநாயகர் சதுர்த்தி சமயத்தில் சந்தையில் மண் விற்கும்போதே ஒரு மூட்டை வாங்கி வைத்துக்கொள்ளலாம். காயவைத்து, தட்டி, சலித்து, கல்லையும் வேரையும் நீக்கி, ஒரு நாள் ஊறவிட்டு, பிசைய வேண்டும். வெறும் களிமண் காயும்போது வெடிக்கும். சலித்த நைஸ் மணலைக் கொஞ்சம் சேர்த்தால் வெடிப்பு குறையும். விரலில் ஒட்டாமலும், வளைத்தால் பிளக்காமலும் இருந்தால் பதம். செய்த பொருளை வெயிலில் வைக்காமல் நிழலில் காயவைக்க வேண்டும்.

முதல் மாதம் வெறும் உருண்டை. எலுமிச்சை அளவு, நெல்லிக்காய் அளவு, மிளகு அளவு. மிளகு அளவில் உருண்டை பிடிக்க விரல்நுனி வேலை செய்தாக வேண்டும். அடுத்து உருண்டையைப் பாம்பாக உருட்டுவது, பாம்பைச் சுருட்டிச் சுருட்டிச் சட்டியாக்குவது. பிறகு கட்டைவிரலை அழுத்திக் குழித்து அகல் செய்வது. கார்த்திகை தீபத்துக்கு முன்வாரம் இந்த அகல் வகுப்பை வைத்தால் பிள்ளைகளைக் கட்டுப்படுத்தத் தேவையே இருக்காது. சுடாத அகலில் எண்ணெய் கசியும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். சூளை எதற்கு என்ற பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

தென்னங்கீற்றில் ஈர்க்கை உருவிவிட்டால் நல்ல நாடா கிடைக்கும். கைக்கடிகாரம், பாம்பு, பீப்பி மூன்றும் இரண்டாம் வகுப்புக்குள் முடியும். பனங்குருத்தோலை கிடைத்தால் காற்றாடி. பழைய காலத்தில் அதற்குக் கருவேல முள் குத்துவோம், இங்கே ஈர்க்குக் குச்சியே போதும். காய்ந்த ஓலையை அப்படியே மடித்தால் ஒடியும். முந்தின இரவு ஈரத்துணியில் சுற்றி வைத்தால் காலையில் துணிபோல மடங்கும்.

இரண்டாம் வகுப்பின் கடைசிப் பருவத்தில் கம்பளி நூலால் விரல் பின்னல். ஒரு வளையம் போட்டு, அதற்குள் விரலைவிட்டு நூலை இழுத்து அடுத்த வளையம். சங்கிலி நீண்டுகொண்டே போகும். யாருடையது வராந்தா நீளம் என்று போட்டி வரும், வரட்டும். நூலை விரலில் இறுக்கிச் சுற்ற விடாதீர்கள், ரத்த ஓட்டம் நின்று விரல் நீலமாகிவிடும். பிறகு எப்போதாவது கொக்கி ஊசியால் குரோஷா போடும்போது இதே சங்கிலிதான் முதல் வரிசையாக வரும்.

3-ஆம் வகுப்பு: பின்னல், முதல் ஊசி

பழைய பேப்பரில் இரண்டு செ.மீ. இடைவெளியில் கீறல் போட்டு, வேறு நிறப் பட்டைகளை மேலே, கீழே, மேலே, கீழே என்று நுழைக்க வேண்டும். எல்லோரும் தடுமாறும் இடம் இரண்டாவது பட்டை. முதல் பட்டை போன வழியிலேயே அதையும் விட்டுவிட்டு, “டீச்சர், நிக்கவே மாட்டேங்குது” என்பார்கள். விடை சொல்லாதீர்கள். கிழிந்த பாயோ முறமோ ஒன்றைக் கையில் கொடுத்து, பக்கத்துப் பட்டை எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒற்றைப்படையும் இரட்டைப்படையும் அங்கேயே புரிந்துவிடும். காகிதத்தில் கை தேறியபின் அதே பின்னலை ஓலையில் செய்யலாம். முறை பழகியது, பொருள் மட்டும் புதிது.

ஊசியை இந்த வருடம் அறிமுகப்படுத்துங்கள். மொட்டை முனையும் பெரிய காதும் உள்ள ஊசி, கம்பளி நூல், சாக்குத் துணி. உரச் சாக்கு வேண்டவே வேண்டாம். தானியச் சாக்கைத் துவைத்துக் காயவைத்து, ஒரு நோட்டுப் புத்தக அளவுக்கு வெட்டி, ஓரம் பிரியாமல் ஃபெவிகால் தடவிவிடுங்கள். சாக்கின் இழைகள் கண்ணுக்குத் தெரியும் கட்டம்போல இருப்பதால் ‘மூன்று இழை மேலே, மூன்று இழை கீழே’ என்று எண்ணியே ஓட்டுத் தையல் போடலாம், கோடு வரைய வேண்டியதில்லை.

நூல் நீளத்துக்கு ஒரு முழம், அதோடு அரை முழம். அதற்கு மேல் போனால் சிக்கும். அவரவர் முழத்தால் அளக்கட்டும். என் நூல் ஏன் குட்டை, அவனுடையது ஏன் நீளம் என்ற சண்டை வரும். கணக்கில் நீட்டலளவைப் பாடத்தை அந்த வாரத்துக்குத் தள்ளிப்போட்டிருந்தால் உங்களுக்கு லாபம்.

பூக் கட்டுவதையும் இங்கே சேர்ப்பேன். காகிதத்தை மொட்டுபோலச் சுருட்டிக் கொடுத்து, நனைத்த வாழைநாரில் சுழற்றி, வளையம் விட்டு, இழுக்கப் பழக்குங்கள். நிஜப் பூ வேண்டுமென்றால் கனகாம்பரம் நல்லது. அரளியைப் பிள்ளைகள் பறித்துக்கொண்டு வரவிடாதீர்கள், அது விஷச்செடி. பையன்கள் முதல் நாள் சிரிப்பார்கள். இரண்டாம் நாள் யார் வேகம் என்று பார்ப்பார்கள்.

4, 5 வகுப்புகள்: கூர் ஊசி, எண்ணித் தைத்தல்

சாக்கில் கை தேறிய பிள்ளைக்கு இப்போது கெட்டியான காடாத் துணியும் கூர் ஊசியும். நான்காம் வகுப்பில் ஓட்டுத் தையல், காம்புத் தையல், சங்கிலித் தையல் மூன்று போதும். தையலின் பெயரை மனப்பாடம் செய்ய வைத்து, நோட்டில் ஒட்டி மதிப்பெண் போடுவதைவிட, கிழிந்த சட்டைப்பை ஒன்றைத் தைக்க வைப்பது மேல். சட்டைப் பொத்தானை எல்லோரும் தைக்கக் கற்றாக வேண்டும். பொத்தானுக்கும் நூலுக்கும் நடுவே ஒரு ஈர்க்குத் துண்டை வைத்துத் தைத்து, முடிந்ததும் அதை உருவி, பொத்தானுக்கு அடியில் நூலை நாலு சுற்று சுற்றி முடிச்சிட வேண்டும். அந்தச் சின்ன இடைவெளி இருந்தால்தான் பொத்தான் துளைக்குள் நுழைந்த பிறகும் துணி சுருங்காமல் நிற்கும்.

ஐந்தாம் வகுப்புக்கு என் விருப்பம் குறுக்குத் தையல். முதலில் வாசலில் போடும் புள்ளிக் கோலம் ஒன்றைக் கட்டம் போட்ட தாளில் மாற்ற வேண்டும். கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி. பிறகு அதைத் துணியில் எண்ணித் தைக்க வேண்டும். எல்லாக் குறியிலும் மேலே வரும் கால் ஒரே பக்கம் சாய வேண்டும் என்பதை முதல் வரிசையிலேயே கண்டிப்பாகச் சொல்லுங்கள். அது கலந்தால் நிறம் எவ்வளவு அழகானாலும் வேலை கலைந்து தெரியும்.

இந்த இடத்தில் நீலகிரித் தோடர் பெண்களின் தையலைப் பற்றிச் சொல்லலாம். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக அவர்கள் போடும் வேலைக்குத் துணியில் எந்த வரைபடமும் கிடையாது. இழையை எண்ணியே முழு வடிவமும் வருகிறது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. ‘எண்ணத் தெரிந்தால் வரைய வேண்டாம்’ என்பதைச் சாக்கில் செய்து பார்த்த பிள்ளைகளுக்கு அதன் அருமை உடனே புரியும்.

ஐந்தாம் வகுப்பின் கடைசியில் நோட்டு தைப்பது. வருடக் கடைசியில் எல்லா நோட்டிலும் எழுதாத பக்கங்கள் மிஞ்சும். அவற்றை எடுத்து மடித்து, மடிப்பில் மூன்று துளை போட்டு, ஊசியை நடுத்துளை வழியாக உள்ளிருந்து வெளியே எடுக்க வேண்டும். மேல்துளையில் உள்ளே போய், நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே வந்து, மறுபடி நடுத்துளையில் உள்ளே. உள்ளே ஓடும் நீள நூலின் இரு பக்கமும் இரு நுனிகள் வர, அதன் மேல் முடிச்சு. செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆறாம் வகுப்புக்குப் போகும்போது ரஃப் நோட்டு தயார்.

6 முதல் 8 வரை: அளவு, கருவி, பயன்

இந்த வயதில் பிள்ளை கேட்கும் கேள்வி மாறிவிடும். “நல்லாயிருக்கா டீச்சர்?” போய், “இது எதுக்கு?” வந்துவிடும். அலங்காரப் பொருளைக் கொடுத்தால் ஆர்வம் போய்விடும். வீட்டில் யாராவது தினமும் எடுத்துப் பயன்படுத்தும் பொருளாகக் கொடுங்கள்.

ஆறாம் வகுப்பில் ஒயர் பின்னல். முழுக் கூடை வேண்டாம், பாதியில் களைத்துவிடுவார்கள். பேனா ஸ்டாண்டு அளவில் சின்னதாக ஒன்று. சாதா முடிச்சு மட்டும். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் முடிச்செல்லாம் விருப்பமுள்ளவர்கள் வீட்டில் அத்தையிடமோ பாட்டியிடமோ கற்றுக்கொண்டு வருவார்கள், வந்து உங்களுக்கே சொல்லித் தருவார்கள். அடி போட்டு முடித்ததும் சுற்றுக்கு வரும் ‘ரன்னிங் ஒயர்’ எங்கே தொடங்குகிறது என்பதில்தான் குழப்பம் வரும். அதை மட்டும் வேறு நிறத்தில் கொடுத்துவிட்டால் கண்ணுக்கே தெரியும். பிளாஸ்டிக்தானே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பத்து வருஷம் சந்தைக்குப் போய் வரும் கூடையை ஒருமுறை பயன்படுத்தி எறியும் கவரோடு சேர்க்க எனக்கு மனமில்லை.

ஆறாம் வகுப்புக்குப் பொருந்தும் இன்னொன்று கொட்டாங்கச்சி. வெளிநாரைச் சுரண்டிவிட்டு, 80, 120, 220 எண் உப்புத்தாளால் அந்த வரிசையிலேயே தேய்க்க வேண்டும். ஒரு எண்ணைத் தாண்டினால் கீறல் போகாது. தூசி மூக்கில் ஏறும் என்பதால், தண்ணீர்த் தாளாக வாங்கி நனைத்துத் தேய்ப்பது நல்லது. கடைசியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். பளபளப்பு வந்த நிமிடம் வகுப்பில் ஒரு சத்தம் எழும் பாருங்கள், அதற்காகவே இதைச் செய்யலாம்.

ஏழாம் வகுப்பு முழுவதையும் நான் ஒரே பொருளுக்கு ஒதுக்குவேன்: துணிப்பை. 2021 டிசம்பரில் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ தொடங்கியதிலிருந்து துணிப்பை தைக்கச் சொன்னால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆனால் நான் இதைத் தேர்ந்தெடுப்பது இதற்குள் இருக்கும் கணக்குக்காக.

1. தைத்து முடித்த பை 35 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் வேண்டும். பக்கத் தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் 1.5 செ.மீ., வாய் மடிப்புக்கு 4 செ.மீ. அடியில் தையல் இல்லை, துணி மடிப்பே அடி. எவ்வளவு துணி வெட்ட வேண்டும்? பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். அகலம் 38, நீளம் 88 என்று வர வேண்டும். வாய் மடிப்பை இரண்டு பக்கமும் கூட்ட மறந்து 84 என்று பலர் வருவார்கள். செய்தித்தாளை வெட்டி மடிக்கச் சொன்னால் தாங்களே திருத்திக்கொள்வார்கள்.

2. 90 செ.மீ. அகலத் துணியில் ஒரு மீட்டருக்கு எத்தனை பை? இரண்டு பை 76 செ.மீ. அகலம் எடுக்கும். ஓரத்தில் 14 செ.மீ. மிஞ்சும். அதை நீளவாக்கில் 7, 7 ஆகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 50 செ.மீ. ஆக வெட்டினால் நாலு கைப்பிடி. இரண்டு பைக்கும் சரியாகப் போகிறது. கீழே மிஞ்சும் 12 செ.மீ. பட்டையில் உள்பாக்கெட் வைக்கலாம். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் நீங்கள் போட்டுக் காட்டிவிட்டால் பாடம் முடிந்தது. ஒரு மீட்டர் செய்தித்தாளை ஒட்டி, நாலு நாலு பேராக உட்கார்ந்து, குறைந்த கழிவில் அடுக்கச் சொல்லுங்கள்.

3. காடாத் துணி துவைத்தால் சுருங்கும். துவைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகு அளவு எடுக்க வேண்டும். கடையில் கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள்.

4. கைப்பிடிப் பட்டையின் இரு ஓரத்தையும் 1.5 செ.மீ. உள்ளே மடித்து, நடுவில் மறுபடி மடித்தால் 2 செ.மீ. அகலக் கைப்பிடி. ஓரமாகத் தைக்க வேண்டும்.

5. பக்கங்களைத் தைப்பது, ஓரம் கட்டுவது, வாயை மடித்து ஹெம்மிங் செய்வது, கைப்பிடி பொருத்துவது என்ற வரிசை. பொருத்தும் இடத்தில் சதுரமாகத் தைத்து அதற்குள் பெருக்கல் குறி. பளு முழுவதும் அங்கேதான் விழும்.

6. சோதனை: மூன்று கிலோ அரிசியைப் போட்டுத் தூக்கிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று. தையல் விட்டால் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும்.

ஏழாம் வகுப்புப் பை முழுவதும் கைத் தையல். அதனால்தான் ஒரு வருடம். எட்டாம் வகுப்பில் மெஷின் வரும்போது கையால் ஒரு மாதம் போட்ட தையலை அது எத்தனை நிமிடத்தில் போடுகிறது என்று பிள்ளை வாயைப் பிளக்க வேண்டும்.

மிதி மெஷினை இப்படிப் பழக்குங்கள். முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கால் மிதிப்பு மட்டும். அடுத்து பெல்ட்டை மாட்டி, நூல் இல்லாமல், சக்கரம் பின்னால் சுற்றாமல் தொடங்கவும் நினைத்த இடத்தில் நிறுத்தவும் பழக்கம். பின்னால் சுற்றினால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், பிள்ளை மெஷின் மேல் பழி போடும். மூன்றாவது, கோடு போட்ட நோட்டுத் தாளை வைத்து, நூல் இல்லாத ஊசியால் கோட்டின் மேல் ஓட்டுவது. நேர்கோடு, பிறகு மூலை, பிறகு வளைவு. துளைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எங்கே விலகியது என்று தெரிந்துவிடும். தாளுக்குப் போட்ட ஊசியைத் துணிக்கு மாற்றிவிடுங்கள், மழுங்கியிருக்கும். நான்காவதாகத்தான் பாபினும் நூலும். சடையை மேலே கட்டி, துப்பட்டாவை முடிந்து, ஒரு மெஷினுக்கு மூன்று பேர்: ஒருவர் தைக்க, ஒருவர் பார்த்துத் தவறு சொல்ல, ஒருவர் அடுத்த துண்டைத் தயார் செய்ய. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள்.

பள்ளியில் மெஷினே இல்லை என்றால் எட்டாம் வகுப்புக்கு அட்டைத் தறி. கெட்டி அட்டையின் இரு முனையிலும் பல் வெட்டி, நீளவாக்கில் பாவு நூல் கட்டி, பழைய துணிக் கிழிசல்களைக் குறுக்கே ஊடையாக நெய்தால் சின்ன மிதியடி கிடைக்கும். மூன்றாம் வகுப்புக் காகிதப் பின்னல்தான் இதுவும். ஊடையை இழுத்து நெய்வதால் நடுவில் இடுப்பு சுருங்கும். ஒவ்வொரு வரிசையையும் வில்போல வளைத்துவிட்டு அழுத்தச் சொல்லுங்கள்.

9, 10 வகுப்புகள்

பொதுத்தேர்வு வந்துவிட்டால் கைத்தொழில் பீரியடை முதலில் கணக்கு ஆசிரியர் கேட்பார், பிறகு அறிவியல் ஆசிரியர். சண்டை போடாமல், ஒன்பதாம் வகுப்பில் ஒரு நீண்ட வேலையைக் கொடுத்துவிடுங்கள். பிள்ளையே தேர்ந்தெடுத்து, படம் வரைந்து, செலவு போட்டு, செய்து முடிக்க வேண்டியது. பத்தாம் வகுப்பில் பழுதுபார்ப்பு மட்டும்: ஜிப் மாற்றுவது, பை வார் தைப்பது, குடைக் கம்பி கட்டுவது.

கைவினைஞர்களைச் சந்திக்கச் சரியான வயது இது. ஆறாம் வகுப்பில் அழைத்துப் போனால் வேடிக்கை பார்ப்பார்கள். தானே நெய்து, தானே தைத்துப் பார்த்தவர்கள்தான் பத்தமடைக் கோரைப்பாயைத் தொட்டுப் பார்த்து அமைதியாவார்கள். திருநெல்வேலிப் பக்கம் என்றால் பத்தமடை, தூத்துக்குடி என்றால் மணப்பாட்டுப் பனையோலை, ஈரோடு என்றால் பவானி ஜமுக்காளம், காரைக்குடி என்றால் செட்டிநாட்டுக் கொட்டான், சிவகங்கை என்றால் மானாமதுரை மண்பாண்டம். பக்கத்தில் இருப்பதற்குப் போங்கள். போகும் முன் கேள்விகளை எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். ஒரு பாய்க்கு எத்தனை நாள், கோரை எங்கிருந்து வருகிறது, விற்கும் விலையில் உங்களுக்கு எவ்வளவு, உங்கள் பிள்ளைகள் இதைச் செய்கிறார்களா? கடைசிக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் ‘இல்லை’ என்றே வரும். ஏன் என்று வகுப்புக்குத் திரும்பி ஒரு பீரியட் பேசலாம். கைவினைஞரைப் பள்ளிக்கு அழைத்தால் அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். பொன்னாடை அதற்கு ஈடாகாது.

மதிப்பெண்ணும் கண்காட்சியும்

முடித்த பொருளின் அழகுக்கு மதிப்பெண் போட்டால் வீட்டிலிருந்து அம்மா செய்த பொருள் வரும். எனவே வேலை முடியும் வரை பொருளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. நான் பார்ப்பது மூன்று: பிரித்துத் திரும்பச் செய்தாளா, கருவியை ஒழுங்காக வைத்தானா, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுத்தாளா. கண்காட்சிக்கு முந்தின வாரம் ஆசிரியர்கள் இரவு உட்கார்ந்து பிள்ளைகளின் வேலையை ‘சரிசெய்வது’ எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. பார்வையாளருக்கு அது தெரியாமல் இருக்கலாம். செய்த பிள்ளைக்குத் தெரியும். கோணல் தையலோடு, பெயர் எழுதி, அப்படியே மாட்டுங்கள்.

ஏழாம் வகுப்புக்கு இதுவரை எதுவுமே தெரியாது என்றால்

பெரும்பாலான இடங்களில் நிஜம் இதுதான். கீழ் வகுப்பில் யாரும் எதுவும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதற்காகப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் களிமண் உருண்டை பிடிக்கச் சொன்னால் கோபப்படும். வரிசையைத் தவிர்க்காதீர்கள், சுருக்குங்கள். முதல் இரண்டு வாரம் சாக்குத் துணியும் மொட்டை ஊசியும், ஆனால் தைப்பது ஒரு பென்சில் உறை. அடுத்த மூன்று வாரம் காடாத் துணியும் கூர் ஊசியும், பொத்தான் வைத்து அதே உறையைத் திரும்ப. பிறகு நேராகப் பை. பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடும் நாலைந்து பேர் எப்போதும் இருப்பார்கள். அவர்களிடம் மூன்றாம் வகுப்பை ஒப்படையுங்கள். வாரம் ஒரு பீரியட் கீழே போய், சின்னவர்களுக்கு ஊசியில் நூல் கோக்கக் கற்றுக்கொடுக்கட்டும். நூல் நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நுனி மட்டும் தெரியும்படி அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஊசியின் காதை நூலின் மேல் இறக்க வேண்டும் என்பதை ஆசிரியரைவிட ஏழாம் வகுப்பு அக்கா சொன்னால் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.